கேக்குக்குள்ளே எத்தனை குச்சி?

கல்யாண ரிசப்ஷனில் இளைஞர்களுக்கு என்று சில இலாகாக்கள் உண்டு. பன்னீர், சந்தனம், கல்கண்டு இலாகாவைப் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். மொய் எழுதும் இலாகாவைப் பெரியவர்கள் சாமானியமாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மிச்சமிருப்பது கார் பார்க்கிங், வீடியோக்காரருக்குச் சாப்பாடு, தாம்பூலப் பை. சமீப காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கேக்!

சர்ச் கல்யாணங்களில் இது எப்போதோ வந்துவிட்டது. இப்போது நாதஸ்வரம் வைத்த ரிசப்ஷனிலும் மேடை ஓரத்தில் மூன்றடுக்கு கேக் ஒன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே கத்தியைப் பிடித்து, கீழ் அடுக்கில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் போடுவார்கள். 'படார்' என்று கலர் காகிதம் வெடிக்கும். "மேடம், ஊட்டி விடுங்க... அப்படியே இருங்க!" என்பார் போட்டோகிராபர். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

அடுத்த நிமிஷம் பொண்ணின் சித்தப்பா சுற்றுமுற்றும் பார்ப்பார். யார் சும்மா நிற்கிறான்?

"தம்பி, நீங்க மாப்பிள்ளையோட ஆபீஸ்தானே? அக்கவுண்ட்ஸா? அப்போ கணக்கா வெட்டுவீங்க. இதைக் கொஞ்சம் எல்லாருக்கும் குடுத்துடுங்களேன்!"

கையில் கத்தி வந்துவிட்டது. எதிரே ஆறேழு கிலோ கோபுரம். பின்னால் பேப்பர் பிளேட்டோடு ஒரு குழந்தைப் பட்டாளம். கத்தியை எங்கே வைப்பது? உச்சியிலா, இடுப்பிலா, பாதத்திலா?

எங்கேயும் வைக்காதீர்கள் சார். முதலில் அந்தக் கேக் எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேக் மேல் கேக் இல்லை!

பார்ப்பதற்கு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த மாதிரி இருக்கும். நிஜம் அது இல்லை. கேக் என்பது என்ன? முட்டையும் மாவும் சர்க்கரையும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கும் காற்றுக்குமிழிகள். தலையணை மாதிரி. ஒரு தலையணை மேல் இன்னொரு தலையணை, அதற்கு மேல் இன்னொன்று என்று வைத்துப் பாருங்கள். கீழே இருப்பது அமுங்கும், நடுவில் இருப்பது வழுக்கும். இதில் ஒவ்வொன்றுக்கும் நடுவே கிரீம் வேறு. கிரீஸ் தடவின மாதிரி!

அதனால் பேக்கரிக்காரர் ஒரு வேலை செய்கிறார். கட்டட மேஸ்திரி செய்கிற அதே வேலை. தூண் போட்டு, ஸ்லாப் போடுகிறார்.

தூண் என்பது குச்சி. பென்சில் பருமனில் மரக்குச்சி இருக்கும், அல்லது பிளாஸ்டிக் குழாய், சில பேர் கெட்டியான ஜூஸ் ஸ்ட்ரா. இதற்கு 'டவுல்' என்று பெயர். முகம் துடைக்கிற டவல் இல்லை! கீழ் அடுக்கின் உயரம் எவ்வளவோ அதே உயரத்துக்கு இந்தக் குச்சிகளை நறுக்கி, கேக்குக்குள் செங்குத்தாக இறக்கிவிடுவார்கள். மேலே வரப்போகிற அடுக்கின் வட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி நாலு, ஐந்து, ஆறு குச்சிகள். மேல் அடுக்கு பெரிதாக இருந்தால் குச்சியின் எண்ணிக்கையும் கூடும்.

ஸ்லாப் என்பது அட்டை. ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் அதே அளவுக்கு ஒரு வட்ட அட்டை உண்டு. மேல் அடுக்கு அந்த அட்டையில் உட்காருகிறது, அட்டை குச்சிகளின் தலையில் உட்காருகிறது. பாரம் குச்சி வழியாக அடித்தட்டுக்கும், அடித்தட்டிலிருந்து மேஜைக்கும் இறங்கிப் போய்விடும். நடுவில் இருக்கும் கேக்குக்குப் பாரமே கிடையாது. சர்க்கார் ஆபீஸில் ஃபைல் வருவதும் போவதும் தெரியாமல் நடுவில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி!

ஆனால் அவரையும் லேசில் தள்ளிவிட முடியாது. கேக் பாரத்தைத் தாங்கவில்லையே தவிர, தாங்குகிற குச்சி சாயாமல் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். சுற்றியிருக்கும் கேக்கை வெட்டி எடுத்துவிட்டால் குச்சிக்குப் பிடிமானம் போச்சு. ஒன்று சாயும். அது சாய்ந்தால் அடுத்தது. அப்புறம் மேல் மாடி முழுக்க உங்கள் கோட்டின் மேல்!

மேலே இரண்டு அடுக்கு இருக்கும்போதே கீழ் அடுக்கிலிருந்து துண்டு துண்டாக வெட்டக்கூடாது என்பது இதனால்தான். மாப்பிள்ளையும் பொண்ணும் போட்ட கீறல் ஓரத்தில் இருக்கிறது. குச்சி உள்ளே இருக்கிறது. அவர்கள் தப்பித்தார்கள். அதே இடத்தில் தொடர்ந்து வெட்டினால் நீங்கள் தப்பிக்க மாட்டீர்கள்.

மகாராணி வீட்டுக் கேக்

இந்த அடுக்குமாடி சமாசாரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1840 பிப்ரவரி 10-ஆம் தேதி விக்டோரியா மகாராணிக்கும் ஆல்பர்ட்டுக்கும் கல்யாணம். கேக்கின் எடை 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. சுற்றளவு மூன்று கஜம். கனம் மட்டும் 14 அங்குலம்தான். அகலத்தில் அடித்து ஆடினார்களே தவிர, உயரத்துக்குப் போகவில்லை.

1858-இல் மகாராணியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அப்போது கேக் உயரமாக வளர்ந்துவிட்டது. ஆனால் அடியில் மட்டும்தான் கேக். மேலே இருந்த கோபுரம், சிலை, வளைவு எல்லாம் சர்க்கரையில் செய்தவை. கேக்கின் மேல் கேக்கை ஏற்ற அன்றைக்குத் தைரியம் வரவில்லை. மகாராணியின் கடைசி மகன் லியோபோல்டின் கல்யாணத்தில், 1882-இல்தான், எல்லா அடுக்கும் நிஜக் கேக்காக வந்தது.

பாரத்தைச் சமாளிக்க அவர்கள் கெட்டிச் சர்க்கரைப் பூச்சையும், அடுக்குக்கு நடுவே வெளியே தெரிகிற தூண்களையும் நம்பினார்கள். பழைய ஆங்கிலப் படங்களில் கேக் ஏதோ கிரேக்கக் கோயில் மாதிரி நிற்குமே, அது அழகுக்காக மட்டும் இல்லை. பின்னால் பூச்சு மிருதுவானது. மிருதுவான பூச்சின் மேல் தூண் வைத்தால் உள்ளே இறங்கிவிடும். அதனால் தூணின் நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் குச்சியை அடித்தட்டு வரைக்கும் விட்டார்கள். நாளடைவில் வெளித்தூணே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, அடுக்கின் மேல் அடுக்கை நேராக உட்கார வைக்கும் பாணி வந்தது. தூண் மறைந்துவிட்டது, குச்சி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. நம் ஊர் மேடையில் நிற்பது அந்த வாரிசுதான்.

நமக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம் கழித்து, 1947 நவம்பர் 20-ஆம் தேதி, எலிசபெத் இளவரசிக்கும் பிலிப்புக்கும் கல்யாணம். இங்கிலாந்தில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம். ஆஸ்திரேலியாவிலிருந்து சாமான்கள் அனுப்பினார்கள். பத்தாயிரம் மைல் கேக் என்றே அதற்குப் பெயர். நாலு அடுக்கு, 9 அடி உயரம், 500 பவுண்டு எடை. பிலிப்பின் வாளால் வெட்டினார்கள். மொத்தம் 2000 துண்டு போட்டார்களாம்! ஓர் அடுக்கைத் தனியாக எடுத்து, அடுத்த வருஷம் பிறந்த சார்லஸின் ஞானஸ்நானத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பிராந்தியில் ஊறின உலர்பழக் கேக் என்பதால் அது கெடாது. நம் ஊர் கிரீம் கேக்கை அப்படி வைத்துப் பார்க்காதீர்கள். குழந்தைக்கு முன்னால் எறும்பு பிறந்துவிடும்!

பேக்கரிக்காரரிடம் ஐந்து கேள்வி

அரண்மனையில் இதற்கெல்லாம் ஆள் இருந்தார்கள். இங்கே நீங்கள்தான் ஆள். கேக்கைக் கொண்டு வந்து இறக்குகிற பையன் வண்டியை எடுப்பதற்கு முன்னால் இந்த ஐந்தையும் கேட்டு, கையில் இருக்கிற பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: எந்த அடுக்கில் எத்தனை குச்சி? என்ன குச்சி?

இரண்டு: உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒரே நீளக் குச்சி இருக்கிறதா? வண்டியில் வரும்போது அடுக்குகள் வழுக்காமல் இருக்க, ஒரு நீளக் குச்சியைப் பென்சில் ஷார்ப்பனரில் சீவி, எல்லா அட்டையையும் துளைத்துக்கொண்டு போகும்படி சுத்தியலால் அடித்து இறக்குவது உண்டு. கேக்குக்கும் சுத்தியலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காதீர்கள். நம் ரோட்டுப் பள்ளங்களை யோசித்தால் புரிந்துவிடும்.

மூன்று: எல்லா அடுக்கும் கேக்தானா? பார்வைக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஒன்றிரண்டு அடுக்கைத் தெர்மாகோலில் செய்து, மேலே கிரீம் பூசி விடுவார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆர்டர் கொடுத்தவருக்குத் தெரிந்துதான் செய்கிறார்கள். ஆனால் வெட்டப் போகிற உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கத்தி 'கரக் கரக்' என்றதும்தான் தெரியும்.

நாலு: முட்டை போடாத அடுக்கு எது? "மேல் அடுக்கு எக்லெஸ்" என்று சொல்லியிருப்பார்கள். அதைத் தனி மேஜையில் தனிக் கத்தியால் வெட்டுங்கள். மாமிக்கும் பாட்டிக்கும் கொடுக்கும்போது "நிச்சயமா முட்டை இல்லை" என்று அடித்துச் சொல்ல முடிய வேண்டும். அதே மாதிரி, முந்திரி, பாதாம் எதில் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்தாகும்.

ஐந்து: பூ எப்படிச் செருகியிருக்கிறது? கம்பியா, பல்குச்சியா? நிஜப் பூவா? நிஜப் பூ என்றால் என்ன பூ? பார்க்க அழகாக இருக்கிறது என்று அரளியைச் செருகிவிடப் போகிறார்கள். இலை, பூ, காம்பு எல்லாமே விஷம்.

பிரிக்கிற படலம்

கட்டுகிறவர் கீழேயிருந்து மேலே கட்டினார். நீங்கள் மேலேயிருந்து கீழே பிரிக்க வேண்டும். சூத்திரம் இவ்வளவுதான்.

தள்ளுவண்டி மேஜையில் இருந்தால் மெல்லப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே பிரியுங்கள். முழுக் கோபுரத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கும் வீர விளையாட்டு வேண்டாம். இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் சேர்ந்தால் யோசனை மட்டும்தான் சொல்வார்.

முதலில் பொம்மை, பூ, கம்பி, பல்குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடுத்தது நடுவில் இறங்கியிருக்கும் நீளக் குச்சி. உச்சியில் கிரீமை லேசாக விலக்கினால் தலை தெரியும். கட்டிங் பிளேயரை நன்றாகக் கழுவித் துடைத்து, குச்சியைப் பிடித்து, திருகிக்கொண்டே நேர் மேலே இழுங்கள். ஆட்டாதீர்கள். வர மறுத்தால் விட்டுவிடுங்கள். அட்டையில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது, அடுக்கை நேர் மேலே தூக்கினால் குச்சி தானாகக் கழன்றுகொள்ளும்.

இப்போது மேல் அடுக்கும் நடு அடுக்கும் சேருகிற இடத்தில் கிரீமால் ஒரு ஜரிகை போட்டிருப்பார்கள். அந்த வழியாகச் சின்னக் கத்தியின் நுனியை ஒரு சுற்று விடுங்கள். ஒட்டு விட்டுவிடும். பிறகு சமையல்காரரிடம் தோசைத் திருப்பி ஒன்று வாங்கி வாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த வேலைக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. அதை அட்டைக்கு அடியில் செருக வேண்டும். அட்டைக்கு மேலே செருகினால் கேக் மட்டும் கையோடு வரும். அட்டை ஓர் ஓரம் எழும்பியதும் உள்ளங்கையை அடியில் விட்டு, கூட்டாளி எதிர்ப்பக்கம் பிடிக்க, நேர் மேலே தூக்கிப் பக்கத்து மேஜையில் வையுங்கள்.

இப்போது நடு அடுக்கின் தலையில் குச்சி முனைகள் வட்டமாகத் தெரியும். அவற்றை உடனே உருவாதீர்கள். நடு அடுக்கையும் இதே மாதிரி தூக்கி இறக்குங்கள். மூன்று அடுக்கும் மூன்று இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்த பிறகு குச்சிகளை ஒவ்வொன்றாகத் திருகி உருவி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போடுங்கள்.

ஓர் அடுக்கு ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் உயரமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். உயரமான அடுக்கின் நடுவிலும் ஓர் அட்டையும் சில குச்சிகளும் ஒளிந்திருக்கும். வெளியே ஒரு வீடு, உள்ளே இரண்டு போர்ஷன்! பக்கவாட்டில் கத்தியால் தடவிப் பார்த்து, மேல் பாதியைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டேலி ஆகணும்!

நான் பி.காம். படித்ததில் மறக்காதது ஒன்றே ஒன்றுதான். பற்றும் வரவும் சரியாக இருக்க வேண்டும். 10 அங்குல அடுக்கில் 6 குச்சி, 8 அங்குல அடுக்கில் 4 குச்சி, நடுக்குச்சி 1 என்று பேக்கரிப் பையன் சொன்னால் மொத்தம் 11. டம்ளரில் 11 இருக்க வேண்டும். 10 இருந்தால், அந்த ஒன்று கிடைக்கிறவரை ஒரு துண்டுகூடத் தட்டில் போகக்கூடாது. பூவுக்குச் செருகின பல்குச்சிக்கும் இதே கணக்குதான்.

இது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை. ஷெர்வுட் ஆண்டர்சன் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர். 1941-இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் தாங்க முடியாத வயிற்று வலி. பனாமாவில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மார்ச் 8-ஆம் தேதி இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. எப்போதோ விழுங்கிய ஒரு பல்குச்சி குடலைத் துளைத்திருக்கிறது. விழுங்கினதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெரிய மனிதருக்கே தெரியவில்லை. பேப்பர் பிளேட்டோடு நிற்கிற நாலு வயசுப் பொடியனுக்கு எப்படித் தெரியும்? கிரீம் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்வான். மூங்கில் குச்சியாக இருந்தால் இன்னும் மோசம். முனை கூர், கத்தி பட்டால் சிம்பு சிம்பாக உடையும். அதனால் குச்சியை எண்ணாமல் கத்தியை எடுக்காதீர்கள்.

பை ஆர் ஸ்கொயர் பலித்த நாள்

வெட்டுவதற்கு வருவோம். வட்டக் கேக் என்றால் நமக்கு முக்கோணத் துண்டுதான் தெரியும். பிறந்த நாளுக்கு அது சரி. கல்யாணக் கூட்டத்துக்கு ஆகாது. 10 அங்குலக் கேக்கில் முக்கோணமாக 16 துண்டு, 8 அங்குலத்தில் 12, 6 அங்குலத்தில் 8. ஆக மொத்தம் 36 பேர். முப்பத்தேழாவது ஆளுக்கு?

கல்யாணக் கேக்குக்கு வெளிநாட்டில் வழக்கமான அளவு ஒன்று உண்டு. 1 அங்குல அகலம், 2 அங்குல நீளம், உயரம் கேக்கின் உயரம், அதாவது சுமார் 4 அங்குலம். ஒரு துண்டுக்கு மேல்பரப்பு 2 சதுர அங்குலம். பள்ளிக்கூடத்தில் எதற்கு என்றே தெரியாமல் படித்த பை ஆர் ஸ்கொயர் இங்கேதான் பலிக்கிறது. 10 அங்குலக் கேக்கின் ஆரம் 5, பரப்பு 78 சதுர அங்குலம், இரண்டால் வகுத்தால் 39. ஓரம், உதிரி கழித்து 38 துண்டு. இதே கணக்கில் 8 அங்குலம் 24, 6 அங்குலம் 12. மொத்தம் 74! அதே கேக், அதே கத்தி. முக்கோணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

எப்படி வெட்டுவது? விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி, கேக்குக்குள் இன்னொரு வட்டம் வெட்டுங்கள். வெளி வளையத்தை ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகத் துண்டு போடுங்கள். அது தீர்ந்ததும் உள்ளே சின்னக் கேக் ஒன்று நிற்கும். அதற்கும் அதே வைத்தியம். கடைசியில் மிஞ்சும் நடுத் துண்டை இரண்டாக்குங்கள். வட்டம் போட வராதவர்கள் குறுக்கே நேராக 2 அங்குலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் ரொட்டி மாதிரி 1 அங்குலத் துண்டுகளாக்கலாம். ஓரத் துண்டுகள் கோணல்மாணலாக வரும். அவை குழந்தைகள் கணக்கு.

கைரேகை ஆராய்ச்சியால் பெயர் பெற்ற பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, 1906 டிசம்பரில் 'நேச்சர்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். விஷயம், வட்டக் கேக்கை விஞ்ஞான முறைப்படி வெட்டுவது எப்படி! நடுவில் குறுக்கே ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு பாதிகளையும் நெருக்கி ஒட்டி ரப்பர் பேண்ட் போட வேண்டும். வெட்டு வாய் காற்றில் காயாது. மறுநாள் அதற்குக் குறுக்கே இன்னொரு பட்டை. அப்போது அவருக்கு வயசு 84. வீட்டில் மூன்று நாலு பேர் இருந்து, கேக் மிஞ்சினால் இந்த முறை ஜோர். மண்டபத்துக்கு நம் வளைய முறைதான்.

கத்தி நீளமாக, ரம்பப் பல் வைத்ததாக இருக்கட்டும். மேடையில் ரிப்பன் கட்டி வைத்த கத்தி போட்டோவுக்கு மட்டும்தான். ஒரு சொம்பில் வெந்நீர், ஒரு துணி. முக்கி, துடைத்து, அறுத்து, மறுபடி துடைத்து. அமுக்கக்கூடாது, அறுக்க வேண்டும். கேக் குளிர்ச்சியாக இருக்கும்போது துண்டு சுத்தமாக வரும். கிரீம் கேக்கை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஏ.சி. இல்லாத மண்டபத்தில், நம் சித்திரை வெயிலில், ஒரு மணி நேரம்தான் கெடு. அதனால் ஏழு மணி ரிசப்ஷனுக்கு மத்தியானமே வந்து இறங்குகிற கேக் பெருமைக்குரியது இல்லை, பயத்துக்குரியது.

கடைசி வரிசை

"சார், எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு 400 பேர். 74 துண்டு எந்த மூலைக்கு?" என்பீர்கள். இதற்கும் வழி இருக்கிறது. மேடைக்கு மூன்றடுக்கு, பின்கட்டுக்குச் சதுரக் கேக்! அதே ருசியில், பூ, ஜரிகை எதுவும் இல்லாமல், 12க்கு 18 அங்குலத் தட்டுக் கேக் சொல்லிவிடுங்கள். ஒரு தட்டில் 108 துண்டு. சுற்றி வந்தால் புண்ணியம் கிடைக்கிற எண்! மூன்று தட்டு என்றால் 324. மேடைக் கேக்கோடு சேர்த்தால் 398. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் மேடையிலேயே ஊட்டியாகிவிட்டது. கணக்கு நேராகிவிட்டதா? அடுக்குக்குக் கூலி வேண்டாம், குச்சி வேண்டாம், தூக்கி இறக்க வேண்டாம். செலவும் குறைவு.

இலங்கையில் இந்தத் தலைவலியே கிடையாது. ரவை, முந்திரி, உலர்திராட்சை, பூசணிப் பாகு, வாசனைச் சாமான் சேர்த்துச் செய்த கேக்கை முன்கூட்டியே துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றி, ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மேடையில் நிற்பது பெரும்பாலும் அலங்காரக் கூடுதான். வந்தவர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. கவனித்துப் பார்த்தால், அவர்கள் கேக்கை அடுக்குவதற்கு முன்னால் ஆட்களை எண்ணியிருக்கிறார்கள்.

நம் மண்டபங்களில் நடப்பது என்ன? மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஆளுக்கு இரண்டு துண்டு. நடு வரிசைக்கு உதிரி. கடைசி வரிசைக்குக் கிரீம் ஒட்டின அட்டை! சாயங்காலம் நாலு மணியிலிருந்து நாற்காலி போட்டவர், எச்சில் இலை எடுக்கிற அம்மா, ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிற பையன், வாசலில் கார் டிரைவர்கள்... இவர்கள் அந்தக் கேக்கைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. மேடையில் கேக்குக்குள்ளே மறைந்து நிற்கிற குச்சிகள் மாதிரி, மண்டபத்தையே தாங்கிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான். 1 அங்குலத் துண்டு வெட்டச் சொல்வது கஞ்சத்தனத்துக்காக இல்லை. அந்த அங்குலத்தில்தான் அவர்கள் பங்கு இருக்கிறது.

அதனால் முதல் தட்டை நிரப்புவதற்கு முன்னாலேயே இருபது துண்டை ஒரு டப்பாவில் எடுத்து, மூடி, சமையல்கட்டில் யாராவது ஒரு பொறுப்பான பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பந்தி முடிந்த பிறகு நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள்.

டப்பாவை மூடும்போது இருபத்தோராவதாக ஒரு துண்டையும் உள்ளே தள்ளிவிடுங்கள். அது உங்களுக்கு. ஏனென்றால், கேக் வெட்டினவனுக்குக் கேக் கிடைத்ததாக எந்தக் கல்யாணக் கணக்கிலும் இதுவரை பதிவாகவில்லை!